இருபது நிமிடம்

பஞ்சாயத்தில் கொடுத்தது அரை லிட்டர் சிவப்பு பெயிண்ட்,
கால் லிட்டர் பச்சை.
அந்த அளவைப் பார்த்தபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பரிசோதிக்க வந்த பெண் சபுரா.
குப்பியில் தண்ணீர் பிடித்தாள், தூள் போட்டாள்,
மூடிக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி
இருபது நிமிசம் ஆகும் என்றாள்.
நான் ஒரு பீடியை முடிப்பதற்குள்
தாள் மஞ்சளானது. அப்புறம்
புளி கரைத்த நிறம்.
"அடிங்கண்ணே" என்றாள்.
அடித்தேன்.

நாவலிருப்பு கீழத்தெரு அடிபம்பு.
இருபத்தாறு வருஷமாக நான் குடித்த தண்ணீர்.
அப்படி ஒரு தெளிவு,
சொம்பின் அடியில் பேர் வெட்டியிருந்தால் படிக்கலாம்.
கெட்டது கலங்கலாகத்தான் வரும் என்று
யார் சொல்லி நம்பினோமோ.

"ஆர்சனிக்னா என்ன?" தையல்நாயகி கேட்டாள்.
பாஷாணம் என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"பாஷாணம் குடிச்சா இத்தனை நாள் நிப்பாங்களா?
சரி, காய்ச்சிக் குடிச்சுக்கறோம்."
சபுரா தலையை ஆட்டினாள்.
காய்ச்சினால் கிருமி சாகும். இது சாகாது.
தண்ணீர் சுண்டச் சுண்ட
மிச்சத்தில் இன்னும் கெட்டிப்படும்.
தையல்நாயகி சிரிப்பை நிறுத்தினாள்.
பிள்ளை பெற்ற நாற்பது நாளும்
சுக்குத் தட்டிப்போட்டுப்
பாதியாக வற்றவைத்த வெந்நீர்தான்
அவள் வீட்டில் கொடுத்தார்கள்.

அப்புறம் ஊர் குளத்துக்குப் போனது.
மேட்டூர் திறந்து பதினோராம் நாள்
வாய்க்கால் வழியாக வந்து நிரம்பிய குளம்.
மேலே இருக்கிற அத்தனை ஊர் யூரியாவும்
ஒற்றைச் செருப்புகளும் கூடவே வந்தன.
தேத்தாங்கொட்டையைக் குடத்தில் உரசினார்கள்,
கலங்கல் அடியில் தங்கிற்று.
மறுபடியும் தெளிவு.
மறுபடியும் நம்பினோம்.
குளோரின் மாத்திரை வாடை அடிக்கிறது என்று
பாதிப் பேர் பரணில் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி
தையல்நாயகியின் மகன், நாலு வயசு,
நிற்காமல் போனது.
டிவிஎஸ்ஸில் நான் ஓட்ட, நடுவில் அவன்,
பின்னால் அவள்.
திருத்துறைப்பூண்டி போய்ச் சேரும்வரை
என் முதுகில் நனைந்ததெல்லாம் அவன்தான்.
மூன்று பாட்டில் ஏற்றினார்கள்.
நான்காம் நாள் அப்பளம் கேட்டான்.

வந்த மறுநாள் விடியலில்
சிவப்படித்த பம்பில் சத்தம்.
குடத்தோடு அவள்.
"குளம் ரெண்டு நாள்ல கொல்லப் பாத்துச்சு.
இது இருபது வருஷம் எடுத்துக்கும்னு நீங்கதான் சொன்னீங்க.
எனக்கும் கணக்குத் தெரியும்ணே."

பதில் ஏதாவது இருந்திருக்கும்.
என் வாயில் வரவில்லை.
கைப்பிடியை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன்,
உள்ளங்கை இரண்டிலும்
கடுகு தூவினாற்போல் எழும்பிய முண்டுகள்
இரும்பில் உரச.
மண்வெட்டிக் காய்ப்பு என்று
ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சபுரா அதைப் பார்த்த அன்று
ஒன்றும் சொல்லாமல்
என் பேரை மட்டும் எழுதிக்கொண்டாள்.

இப்போது வேன் வருகிறது.
கேன் முப்பத்தைந்து ரூபாய்.
நீல மூடி, மேலே பனிமலைப் படம்.
வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள்,
முடியாதவர்கள் சோற்றுக்குப் பம்பும்
குடிக்கக் கேனும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள்.
எங்கே பிடிக்கிறாய் என்று கேட்டேன்.
டிரைவர் பையன் ஒளிக்கவில்லை.
"வேதரெத்தினம் தோப்பு போர்."

எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்.
அதற்குச் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.
அன்றைக்கு அங்கே போவதற்குள்
தாள் தீர்ந்துபோயிருந்தது.

இன்று சபுரா புதுத் தாளோடு வந்திருக்கிறாள்.
தோப்பில் தென்னை நிழல் போதவில்லை.
வேன் நிற்கிறது, கேன்கள் வாய் திறந்தபடி.
பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு
தையல்நாயகியும் வந்து நிற்கிறாள்.
யாரும் பேசவில்லை.
பெயிண்ட் டப்பாவின் மூடி ஒட்டிக்கொண்டது,
இரண்டு டப்பாவும்.
ஒரு ஸ்பூனை விட்டு நெம்பிக்கொண்டிருக்கிறேன்.

பதினான்கு நிமிடம்.
தாளில் லேசாக ஒரு மஞ்சள்.
வெயிலாகவும் இருக்கலாம்.