இரண்டு மில்லிமீட்டர்

தாய்யுவானில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே ஊர் எரித்த கரி.
உள்ளே நான் எரித்தது:
அக்ரூட் ஓடு, எழுநூறு டிகிரி, ஆர்கான்,
இரண்டு மணி நேரம்.

அரைத்து, சலித்து, மெழுகில் குழைத்து
மோதிரமாக அழுத்தினேன்.
சுண்டுவிரல் நுனிக்கும் ஏறாத மோதிரம்.
கனம் இரண்டு மில்லிமீட்டர்;
அதற்கு மேல் கார் முகப்பில் இடமில்லை.
அனுப்பிய அலை
எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு.
திரும்பாததே லாபம்.

முதல் மாதம் பேராசை.
கரி கூடினால் விழுங்குவதும் கூடும் என்று
பாதிக்குப் பாதி கலந்தோம்.
கன்னங்கரேலென்று இருந்தது.
அலைக்கு அது கண்ணாடி.
வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

பிறகுதான் புரிந்தது,
விழுங்குவது இரண்டாம் வேலை.
முதலில் காற்றின் மிச்சம் போல நிற்க வேண்டும்,
வருகிறவனுக்கு வாசல் கடந்ததே தெரியாதபடி.
அப்புறம் துளைக்குத் துளை,
ஓட்டின் பழைய நரம்புகளில்
அவன் வழி தவறட்டும்,
களைத்துப் போகட்டும்.

ஐந்து மோதிரம் அளந்தோம்.
நான்கு, மைனஸ் இருபத்து மூன்றை ஒட்டி.
ஐந்தாவது, மைனஸ் ஐம்பத்தொன்று.
கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி
திரையில் கோடு இறங்கியது.
துவான் வென்ஜிங் கைதட்டினான்.
மறுபடி அளக்க எடுத்தபோது
இடுக்கியில் விண்டு இரண்டாயிற்று.

"ஐம்பத்தொன்று என்றே எழுது" என்றான்.
"பார்த்தோமே, பொய்யில்லையே.
ஷென்ஜென்காரர்கள் நாற்பதுக்கு மேல் கேட்கிறார்கள்.
வியாழக்கிழமை அவர்கள் முன்னால்
நம் முகத்தில் கரி பூசிவிடாதே."

பேசிக்கொண்டே இருந்தான்.
அளவறைச் சுவர் முழுக்கக்
கரி தோய்ந்த நுரைக்கூம்புகள்.
சுவருக்கும் காதுண்டு என்பார்கள்;
இந்தச் சுவருக்குக் காது மட்டும்தான்.
நானும் அதன் பக்கத்தில் நின்றேன்.
ஒரு சொல்லையும் திருப்பவில்லை.

அலை எங்கே போகிறது என்று
முதலாண்டு மாணவர்கள் கேட்பார்கள்.
எங்கும் போவதில்லை.
சூடாகிறது. கொஞ்சம்.
தொட்டால் தெரியாத அளவு.

எனக்குக் காது மடல் சுட்டது.
எழுதினேன்: மைனஸ் இருபத்து மூன்று.
அடியில், சின்ன எழுத்தில்: ஒன்று உடைந்தது.

கைகழுவப் போனேன். கண்ணாடியில்
மூக்கிலும் இடது கன்னத்திலும் கரி.
காலையிலிருந்தே இருந்திருக்கும்.
யாரும் சொல்லவில்லை.