பகுதி எண்

நான் சேர்ந்த வருடத்துச் சிற்றேட்டில்
மூன்றாம் பக்கம், நீலக் கட்டத்துக்குள் இருந்தது:
பயிற்சிக்கு இடம் கிடைத்தவர்கள்
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு.
அந்த எட்டைப் பார்த்துத்தான்
அப்பா சேமநிதியில் கை வைத்தார்.
முழு எண்ணாக இருந்திருந்தால்
சந்தேகப்பட்டிருப்பாராம்.

பட்டம் வாங்கிப் பதினான்கு மாதம்.
லாபிஸ் பெரிய சடக்கில்
டயர் கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவே
டாக்டர் லிம் கிளினிக்கில்
மருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.
மணிக்கு ஒன்பது ரிங்கிட்.
பெயரட்டை அச்சடித்தவனிடம்
'துர்காவதி'க்கு முன்னால்
கொஞ்சம் இடம் விடச் சொன்னேன்.
விட்டிருக்கிறான், தாராளமாகவே.

விண்ணப்பத் தளம் திறக்கும் நாளில்
வீட்டில் எல்லாரும் கைப்பேசியை அணைத்துவிடுவார்கள்.
பக்கத்து வீட்டு யோகமலர்
பிள்ளையின் விளையாட்டைப் பிடுங்கி வைப்பாள்.
பன்னிரண்டு மணி.
மூவார், முடிந்தது.
குளுவாங், முடிந்தது.
சிகாமட்டுக்கு விரல் போவதற்குள்
சிகாமட்டும்.
கடலுக்கு அப்பால் ஒரே ஓர் ஊர் மிச்சமிருந்தது.
அதன் பெயரை
எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்,
போய்விட்டது.

அத்தை மகன் கீர்த்திவாசன்
ஒஹாயோவில் ஆஸ்டியோபதி படித்தவன்.
அங்கே கணினியே ஜாதகம் பார்த்து
மருத்துவமனையையும் ஆளையும் சேர்த்து வைக்குமாம்.
மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை உறை பிரிப்பார்களாம்.
அவனுக்கு மூன்றாம் விருப்பம் அமைந்தது.
படத்தில் பலூன் பிடித்திருக்கிறான்.
விரும்பிக் குறி போட்டேன்.
பலூன் நிஜமாகவே அழகாக இருந்தது.

போன வாரம் எங்கள் ஆண்டுக்கான சிற்றேடு வந்தது.
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
ஏறியிருக்கிறதே, என்றார் அப்பா.

மேடையில் அங்கி போட்டு நின்றவர்கள் நூற்று மூன்று பேர்.
எனக்குத் தெரியும்,
குழுப்படத்தில் விரல் வைத்து எண்ணினேன்.
இடம் கிடைத்தவர்கள் எழுபத்தாறு.
எதால் வகுத்தால் அந்த நான்கு வரும்?
எழுபத்தெட்டால்.

மீதி இருபத்தைந்து பேர்
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தார்கள்:
விலகிக்கொண்டவர்களும்
பன்னிரண்டு மாதம் கடந்தவர்களும்
கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஜீவிதன் பெயரை எடுத்துக்கொண்டு
சிங்கப்பூரில் கிடங்கு வேலைக்குப் போனான்,
விகிதம் ஏறியது.
தைப்பூசத்தோடு எனக்குப் பன்னிரண்டு மாதம் தாண்டியது,
இன்னும் கொஞ்சம் ஏறியது.
கோட்டுக்கு மேலே இல்லை என்று தெரியும்.
கீழேயும் இல்லை என்பதைத்தான்
அன்றைக்குப் படித்தேன்.

நேற்று மத்தியானம்
டாக்டர் சாப்பிடப் போன நேரம்
லொம்போக்கிலிருந்து வந்த ஆள் ஒருவன்
சட்டையெல்லாம் செம்பனைத் தூசியாக
இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு வந்தான்.
குலை தோளில் விழுந்ததாம்.
காறை எலும்பு, நடுப்பகுதி,
தோலுக்கடியில் மேடு தெரிந்தது.
அதன் லத்தீன் பெயரும்
ஆறு வாரக் கணக்கும்
நாக்கு நுனி வரை வந்து நின்றன.
துணியை முக்கோணமாக மடித்துக்
கையைக் கட்டி விட்டேன்.
அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.
டோக்டோர்? என்று கேட்டான்.
பெலும், என்றேன்.
இன்னும் இல்லை என்பதை மலாயில்
எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறது.

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு:
விபத்தில்லாத நாட்கள்.
காவல் கொட்டகையில் இருக்கும் அப்பாதான்
தினமும் எண்ணை அழித்து எழுதுகிறவர்.
நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு.

இரவு சாப்பிடும்போது சொன்னேன்.
கேட்டுக்கொண்டே ரசத்தை ஊற்றினார்.
குத்தகைக்காரன் ஆளு அவன், என்றார்.

இன்று காலை வேலைக்குப் போகையில்
ஆலைப் பக்கம் மோட்டாரை மெதுவாக்கினேன்.
சாக்கட்டியோடு அப்பா முதுகு காட்டி நின்றார்.
இரண்டு எழுதி, ஒன்று எழுதி,
கொஞ்ச நேரம்
கையை அப்படியே வைத்திருந்தார்.
பின்னால் குலை லோரி ஹாரன் அடித்தது.
நான் நகர வேண்டியிருந்தது.