ஒற்றையாய் இருந்தவை

சுவர் இன்னும் இடுப்புயரம்தான்.
கடைசி வரிசைமேல் கலவை பூசிய பிறகுதான்
செங்கல் போதாதது தெரிந்தது கொத்தனாருக்கு.
திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி
மத்தியானமே போய்விட்டார்.
அதுவரை அவர்கள் அடுப்பு எனக்குத் தெரியும்,
என் அடுப்பு அவர்களுக்கு.
பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

பாத்திரம் பிரித்த அன்று
மாமனார் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து எண்ணினார்.
தட்டு ஆறு, ஆறு.
தம்ளர் ஐந்து, ஐந்து.
பெரிய குக்கர் அவர்களுக்கு,
கேஸ்கட் தளர்ந்த சின்னது எங்களுக்கு.
ஒற்றையாய் இருந்தவற்றில்தான் தகராறு.
தாளிப்புக் கரண்டி என் பங்கில் விழுந்தது,
பெருங்காய டப்பா ராம்ஸ்ரீ பங்கில்.
ஜீஜி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் அவளை,
போன வியாழக்கிழமை வரை.

ஹாத்ரஸில் இருந்துகொண்டு
வீட்டில் பெருங்காயம் இல்லை என்றால்
யாரும் சிரிப்பார்கள்.
அதுவும் என் வீட்டுக்காரர் ஹோதிலால்
பட்டறையில் பிசினும் மாவும் சேர்த்து
நாள் முழுக்கப் பிசைகிறவர்.
பதினோரு வருஷமாய்
எங்கள் தலையணையில் அந்த வாசனை,
ரூபாய் நோட்டில், மகளின் கணக்கு நோட்டில்.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்
அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறுவார்கள்.
ஆனால் பருப்பில் போடக் கடுகளவு இல்லை.
கடையில் கேட்க வெட்கம்.
சுவருக்கு அப்பால் கேட்க
வெட்கம்கூட இல்லை, வேறு ஏதோ.

துவரம்பருப்பு ஒன்றரைக் கிண்ணம்.
தண்ணீர் தெளியும்வரை களைந்தேன்.
மஞ்சள், உப்பு,
பொங்கி வழியாதிருக்க ஒரு சொட்டு எண்ணெய்.
கேஸ்கட்டை நனைத்து, மூடியை அழுத்திவிட்டு
அடுப்பருகே நின்றேன்.
நான்கு விசில் என் கணக்கு.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது எங்களுடையதா, அவர்களுடையதா?
இரண்டு குக்கரும் சேர்ந்து ஊதியதில் எண்ணிக்கை தப்பியது.
அந்தப் பக்கமும் ஒரு தலை நிமிர்ந்ததை
நிமிராமலே பார்த்தேன்.
திறந்தால், மத்து வேண்டாத அளவுக்குக் குழைந்திருந்தது.

ஏழரைக்கு வந்தார்.
கை கழுவ அடிபம்புக்குப் போனவரை
நில்லுங்கள் என்றேன்.
பல்பின் கீழ் கையை விரித்துப் பிடித்து
ஊக்கால் நகக்கண் ஒவ்வொன்றாய்ச் சுரண்டினேன்.
பைத்தியமா உனக்கு, விம்லேஷ்?
சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை.
கட்டைவிரலில்தான் சொத்து.
பத்து விரலிலும் சேர்த்து
அரை மிளகு தேறியது.

சந்தா, சீ என்றாள்.
கொதிக்கிற நெய்யில் எல்லாம் சுத்தமாகிவிடும் என்றேன்.
நம்பவில்லை.

சீரகம் பொரிந்து, பூண்டு சிவந்து,
வரமிளகாய் கறுக்கப் போகிற நேரம் பார்த்துப் போட்டேன்.
சட்டையில் நாறுவதும்
நெய்யில் மணப்பதும்
ஒரே சரக்குதான்.
கரண்டியோடு பருப்பில் முக்கி மூடினேன்.
சீ என்றவள்தான்
இரண்டாவது முறை தட்டை நீட்டினாள்.

பாதிச் சாப்பாட்டில்தான் உறைத்தது.
அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தமே வரவில்லை.
குக்கர் இறக்கி ஒரு மணி நேரம் இருக்கும்.
வாணலியில் தாளிக்கலாம்,
யார் வேண்டாம் என்றது?
ஆனால் நெய் பாதி வாணலிக்கே போய்விடும் என்று
எனக்குச் சொல்லித் திட்டியதே அவள்தான்.

எச்சில் கையோடு எழுந்தேன்.
கரண்டியைக் கழுவவில்லை,
அடியில் இரண்டு சீரகம் ஒட்டியிருந்தது.
சுவர்மேல் வைத்தேன்.
கூப்பிடவில்லை.
வந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன்.
இவர் என்னைப் பார்த்தார்,
பிறகு பருப்பைப் பார்த்தார்,
உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

விளக்கை அணைக்கப் போனபோது கரண்டி அங்கே இல்லை.
பூனையாகவும் இருக்கலாம்.

காலையில்,
காய்ந்துவிட்ட கலவையில்
ஒரு குழியும் நீளக் காம்பும் பதிந்திருந்தன.
கரண்டி இன்னும் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.
திங்கட்கிழமை அந்தக் குழிமேல்தான்
கொத்தனார் அடுத்த கல்லை வைக்கவேண்டும்.