இரண்டில் சமன் கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
இரண்டுதான் நல்ல ஆட்டம்.
எக்காதெபெக்கில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

டோன்யா சாயோவின் டொர்டியாக் கடையில்
மாவு மூட்டைக்கும் தராசுக்கும் நடுவே
'இரும்பு வாசல்' ஒன்று நின்றது.
எட்டு வீரர்கள். ஆளுக்கு மூன்று அடி, ஒரு வித்தை.
திரையின் இடது மூலையில் பச்சையாய் ஒரு தழும்பு;
துள்ளிப் போகிறவர்கள் அதற்குள் நுழைந்து
ஒரு நொடி நோயாளியாகித் திரும்புவார்கள்.

நான் எப்போதும் காரா.
சிவப்புக் கச்சை, வலது கண்ணில் கட்டு.
உயரமும் இல்லை, ஓட்டமும் இல்லை.
குனிந்து உதைத்தால் மட்டும்
எதிராளி எட்டாத தூரத்தில் நின்றாலும் படும்.
செய்தவர்கள் எங்கோ கணக்கைத் தவறவிட்டிருந்தார்கள்.
அந்தத் தவற்றில்தான் நான் குடியிருந்தேன்.

வென்செஸ்லாவோ எடுப்பது போரோ என்ற குண்டு மல்லனை.
காஸ் சிலிண்டர் தூக்குகிறவன்;
பொத்தானையும் சிலிண்டராகவே நினைப்பான்.
மூன்று வருஷப் பகை எங்களுக்குள்.
பகை என்றால்,
மதியம் இரண்டு மணிக்குக் கடைசி ஈடு இறங்கியதும்
சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி வெளிறிய விரல்களோடு
நான் போய் நிற்பேன்,
அவன் கண்ணாடி ஓரத்தில் ஒரு பேசோவை வைப்பான்.
பேச்சு அவ்வளவுதான்.

ஒன்றில், நேரம் தீரும்போது
இரண்டு உயிர்க்கோடும் ஒரே நீளமாக இருந்தால்
இருவரும் மண்டியிடுவார்கள்.
திரை கறுக்கும். இருவர் காசும் போச்சு.
சமன்.
எங்களுக்கு அது அடிக்கடி வந்தது.
சரிக்குச் சரி மல்லுக்கட்டுகிறார்கள் என்று
தெருவே வாய் பிளந்தது.

கடைசி நாலு நொடி
நான் கையை எடுத்துவிடுவேன்.
அவனும் எடுத்துவிடுவான் என்பது
எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் தோன் ஃபிதென்சியோ
பிக்கப் வண்டியில் இரண்டைக் கொண்டுவந்து இறக்கினார்.
பதினாறு வீரர்கள். மழை பெய்கிறது.
பின்னால் ஒரு ரயில் போகிறது, அதன் மூன்றாவது ஜன்னலில்
ஒருவன் எந்த அடிக்கும் தலை தூக்காமல்
பேப்பர் படித்துக்கொண்டே போகிறான்.
போரோ ஓடக் கற்றிருக்கிறான்.
காராவின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்,
அடியில் நல்ல கண்ணேதான் இருந்திருக்கிறது!
அவள் உதை இப்போது
அவள் கால் நீளம் மட்டும்.

பையன்கள் வைதார்கள்.
அடியில் கனமே இல்லையாம்,
பஞ்சு மூட்டையைக் குத்துவது போலாம்.
சத்தம் மட்டும் பெரிசாம்.

இரண்டில் சமன் கிடையாது.
கோடுகள் ஒத்து நின்றால் மணி அடிக்கும்.
இன்னொரு சுற்று. உயிர் ஒரு நூல்.
முதல் அடி யாருடையதோ, ஆட்டம் அவருடையது.

வெள்ளிக்கிழமை அந்த மணி அடித்தது.
பழக்கதோஷம், இருவர் கையும் காற்றில்.
மழை பெய்கிறது. போரோ மூச்சு வாங்குகிறான்.
வென்செஸ்லாவோ திரும்பிப் பார்த்தான்,
கண்ணாடியில் தெரியும் என்னை அல்ல,
என்னை.

காரா உதைக்க வேண்டுமானால்
ஒரு எட்டு முன்னால் வைக்க வேண்டும்.
வைத்தேன்.

பதினோரு நாள் அவன் வரவில்லை.
சிலிண்டரை வேறு யாரோ உருட்டி வந்தான்.
பழசையே வைத்திருக்கலாம் என்றாள் டோன்யா சாயோ,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

பன்னிரண்டாம் நாள் காசு வந்து உட்கார்ந்தது.
"அந்த நாலு நொடி," என்றான், "எத்தனை நாளாய்?"
"நீ எத்தனை நாளாயோ."
அவன் சிரிக்கவில்லை.
போரோவைத் தாண்டிப் போய்
குடை வைத்திருக்கும் ஒல்லிப் பெண்ணை எடுத்தான்,
யாரும் எடுக்காதவளை.
தனியாக எங்கோ பழகியிருக்கிறான்.
அடுத்த தெருவிலும் ஒரு இரண்டு இருப்பது
எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

இரண்டு கையும் பொத்தான் மேலேயே இருக்க
மண்ணைக் கவ்வினேன்.
இரண்டு சுற்றும்.
ராத்திரி மாவு பிசையும்போதும் தோளில் இருந்தது.

அடியில் கனம் இல்லை என்று
சொன்னவன் எவன்?