கள்ளநோட்டு விளக்கு

சில்லறையின் காது மடலில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்திருந்தது.
சண்டைக்காயம் என்று விட்டுவிட்டேன்.
பத்தாம் நாள் என் இடது முழங்கை மடிப்பில்,
அது தலைவைத்துத் தூங்கும் இடத்தில்,
சிவந்த விளிம்போடு ஒரு வட்டம்.
நடுவில் மட்டும் தோல்
ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

படர்தாமரை.
பேர் வைத்தவர் எந்த ஊர்க்காரரோ.
கோட்டையூர் ஊரணி காய்ந்து
பையன்கள் ஸ்டம்பு நட்டு ஆடும் சித்திரையில்
தாமரை
என் கையில்தான் பூக்க வேண்டுமா.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப்
நான்கு நாள் அரிப்பை அடக்கியது.
ஐந்தாம் நாள் வட்டம்
துணைக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.
சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு
கடையில் பாத்திரம் நிறுத்தேன்.
எவர்சில்வர் குடத்தின் வயிற்றில்
என் கை இன்னும் பெரிதாய்த் தெரிந்தது.

காரைக்குடி கால்நடை மருத்துவமனையில்
எங்களுக்கு முன்னால் ஒரு கன்று, இரண்டு ஆடு,
சேவலைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்.
"பூனைக்கா?" என்றார்,
காக்கைக்கு ஜாதகம் பார்க்க வந்தவளிடம் கேட்பதுபோல்.

டாக்டர் யோகமீனாள் ஜன்னலைச் சாத்திவிட்டு
ஊதா விளக்கைக் காட்டினார்.
காதோரம் நான்கைந்து முடிகள்
வேப்பங்கொழுந்து பற்றிக்கொண்டதுபோல் பச்சையாய்.
"பூஞ்சை. உதிர்ந்த முடியிலும்
மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.
ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் ஓய்வு.
வாரத்துக்கு ரெண்டு தடவை கந்தகத் தண்ணி.
வீட்டைப் பெருக்காதீங்க, பறக்கும்.
ஈரத்துணியால ஒத்தி எடுங்க.
அந்த டியூபைத் தூக்கிப் போட்டுட்டு
நீங்க தோல் டாக்டரைப் பாருங்க."

கந்தகம் என்றால் அழுகின முட்டை.
ஒட்டிய மயிரோடு, மஞ்சள் படிந்து,
வட்டிக்காரனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது சில்லறை.

நான் இருப்பது பின்கட்டில் ஓர் அறை.
வீட்டுக்குப் பதினொரு பங்கு.
ஒரு சாவி கோயம்புத்தூரில், ஒன்று பினாங்கில்,
ஒன்று யாருடையது என்பதே வழக்கில் இருக்கிறது.
எல்லாப் பங்குக்கும் பூட்டுத் திறக்காமல் போய்வருவது
சில்லறை மட்டும்.
காவலுக்கு இருக்கும் அங்கமுத்து அண்ணன்
அதைக் கண்டால் விளக்குமாறு எடுப்பார்.
"சனியன். நான் கிட்டயே சேக்கிறதில்ல."

முதலாளியிடம் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு
கல்லாவில் கிடக்கும் கள்ளநோட்டு விளக்கை வாங்கி வந்தேன்.
சோப்புத்தூள் வெள்ளையாய் மினுங்கும்.
நூல்பிசிறு நீலம்.
பச்சைதான் கணக்கு.

தலையணையில் பச்சை. சீப்பில் பச்சை.
விவாகரத்துத் தாள் வைத்த கோப்பின் மேல்
ஒரே ஒரு முடி.
வளவு ஓரமாய்க் குனிந்து நகர்ந்தேன்.
பூட்டிய கதவுகளின் அடியில் இங்கொன்று, அங்கொன்று.
வழக்கில் இருக்கும் பங்கின் வாசலில் மூன்று.

பிறகு கொடிக்கயிறு.
அங்கமுத்து அண்ணனின் துண்டு.
தோள் படும் இடம் முழுக்க.
ஒரு முடி இரண்டு முடி அல்ல,
ஒரு பூனை
ராத்திரியெல்லாம் கிடந்து எழுந்த அளவுக்கு.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் அவர் இருமிப் புரண்டு படுப்பது கேட்டது.

தோல் டாக்டர் எழுதிய களிம்பில் இரண்டு வாங்கி
ஒன்றைச் சாவிப்பெட்டி மேல் வைத்தேன்.
சாயங்காலம் அது இல்லை.
மறுநாள் அதே இடத்தில் இருந்தது,
நடுவில் பிதுக்கி, மூடி திருகாமல்.

நேற்றுக் குளியலுக்கு என் இரண்டு கை போதவில்லை.
யாரும் கூப்பிடாமல் வந்து
பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார்.
"சனியன்," என்றார் முகத்தைத் திருப்பி,
"தண்ணி சுடுதான்னு பாரு."