சோதனைக் காலம்

கிளைப்பேடாவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே
துறைமுகத்துக் கிரேன் ஒன்று
எதையும் தூக்காமல் திரும்பிக்கொண்டிருக்கிறது.

அவுத்ரோனேயின் திரையோரத்தில் சின்னப் பெட்டி:
இன்றோடு முப்பது நாள்.
வாங்கு, இல்லை மூடு.
முப்பத்தொன்பது யூரோ, தொண்ணூறு சென்ட்.

படகுத்துறைக் கடையில் புகைபோட்ட விலாங்கும்
கிலோ அந்த விலைதான்.
விலாங்கு தின்றால் தீர்ந்துவிடும், இது தீராது.
ஆனால் விலாங்குக்கு
யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

டோனர் கேளுங்கள், தருகிறேன் என்றார் மேலாளர்,
இதற்குக் கணக்கில் தலைப்பே இல்லை.
விட்மந்தஸ் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான்:
இருபது வருஷமாக இங்கேதான் சோதிக்கிறேன், இலவசம்.
போன மார்ச்சில் அந்த இலவசம்
நானூறு பேரின் பிறந்த தேதியைத் தின்றதை
அவள் ஞாபகப்படுத்தவில்லை.
இணையத்தில் சும்மா கிடைப்பவையும் உண்டுதான்.
அங்கே கொண்டுபோய்க் கொட்டவா முடியும்
ஊராரின் பெயரையும் சர்க்கரை அளவையும்?

மூன்று கிளினிக்குகளின் பட்டியலை ஒன்றாக்க வேண்டும்.
ஒரே குடும்பம், பெயருக்கு வெவ்வேறு வால்:
அப்பா மஜெய்கா,
மனைவி மஜெய்கியெனே,
மகள் மஜெய்கைத்தே.
கல்யாணம் ஆயிற்றா என்று
அங்கே யாரும் கேட்பதில்லை,
வாலே சொல்லிவிடும்.

அந்த வால்களைப் பிடிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்.
பார்த்தால் விசைப்பலகையில் பூனை நடந்ததுபோல் இருக்கும்.
நட்சத்திரத்துக்குப் பேராசைக்காரன் என்று பெயர்;
பக்கத்தில் கேள்விக்குறி வைத்தால் சோம்பேறி.
புள்ளி இன்னும் மோசம்.
நம் புள்ளி எழுத்தின் உயிரை எடுத்து வாயடைக்கும்.
அங்கே அது திறந்தே கிடக்கும் வாய்,
எது வந்தாலும் விழுங்கும்.

கருவி செய்வது ஒன்றே ஒன்று.
பிடிபட்டதை மஞ்சளாக்கும்.
பிடிபடாதது வெள்ளையாகவே நிற்கும்.

மூன்று மணிக்கு அவள் தெருவே பட்டியலில் வந்தது,
அவள் வீட்டு எண்ணும்.
மஜெய்கா: மஞ்சள். நான்கு வருஷமாக அந்த வீட்டில் இல்லை,
பட்டியலுக்கு யாரும் சொல்லவில்லை.
மஜெய்கியெனே: மஞ்சள். அது இவள்.
அடுத்த வரி வெள்ளை.

மிக்லே மஜெய்கே.

இருபத்துமூன்று வயதில் பதிவு அலுவலகம் போய்
வாலை வெட்டிக்கொண்டு வந்தவள்.
மகளென்றும் சொல்லாத, மனைவியென்றும் சொல்லாத
புது முடிவு. ஒரே எழுத்து,
தலையில் புள்ளி வைத்த எ.
யார் வீட்டுப் பெண் என்று எப்படித் தெரியும்?
இவள் கேட்டாள்.
தெரிய வேண்டாம் என்றுதான்.
அதன்பின் ஏழு வாரம் பேச்சில்லை.

அந்த ஒற்றை எழுத்தைச் சூத்திரத்தில் சேர்த்தாள்.
ஊரே மஞ்சளாயிற்று.
தெரு என்ற சொல்லும் அந்த மொழியில் அப்படித்தான் முடிகிறது.
மீனவர் தெரு, ரொட்டிக்காரர் தெரு, லிண்டன் மரத் தெரு
எல்லாம் மகள்களாக வந்து வரிசையில் நின்றன.
அவுத்ரோனே என்ற அவள் பெயரும் நின்றது,
கடைசியில் அதே புள்ளியோடு,
ஐம்பத்திரண்டு வருஷமாக.

சத்தமாகவே சிரித்துவிட்டாள். விட்மந்தஸ் திரும்பிப் பார்த்தான்.

நாலே முக்காலுக்குள் சூத்திரம் அடங்கியது.
தெருக்கள் வெளுத்தன, மிக்லே மஞ்சளானாள்.
முப்பத்தொன்பது தொண்ணூறு
இதற்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது.
கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள்.

வாங்குபவர் பெயர்?
அடித்தாள், முழுதாக.
கட்டம் சிவந்தது:
பெயரில் ஏற்கப்படாத எழுத்து.

இன்னொரு முறை அடித்தாள்.
சிவப்பு.

இரண்டு புள்ளிகளையும் உதிர்த்துவிட்டால் போதும்,
கட்டம் பச்சையாகிவிடும், பணமும் போய்விடும்.
சூத்திரம் விற்கிறவன் வீட்டு வாசலில்
யாரோ சோதிக்காமல் எழுதிய சூத்திரம்.

கோட்டை மாட்டிக்கொண்டாள்.
பெட்டி நள்ளிரவு வரை காத்திருக்கும்.
விலாங்குக் கடை ஆறு மணிக்கு மூடிவிடும்.