கூட்டாமல், குறைக்காமல்

மணிக்கு எழுபது பிராங், போக்குவரத்துச் செலவு தனி.
விதி ஒன்றுதான்: கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
அகதி விசாரணைகளில் பதினோரு வருடம்
அந்த விதியோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

இன்று பீல் நகரின் பேட்சிங்கன் பகுதியில், ஊர்க்கூடத்தில்,
விசாரணைக்கு வந்திருப்பது மதுவம்.
தெருப்பெயரையே இரண்டு மொழியில் எழுதிவைக்கும் ஊர்.
புது ஆய்வுகூடத்தின் அயலவரில் நாற்பது பேர்
மூன்றாவதில்தான் கேட்பார்கள்.

முனைவர் ரெகுலா நீடெகர். சாம்பல் ஸ்வெட்டர்.
நல்ல மனுஷி, பேச்சை ஒத்திகை பார்த்து வந்தவர்.
முதல் சொல்லிலேயே எனக்கு நாக்கு இடறியது.
செயற்கை உயிரியல் என்றேன்.
செயற்கை என்றதும் மூன்றாம் வரிசையில் ஒருவர்
இடது முழங்காலுக்குக் கீழே
கையை வைத்து எடுத்தார்.

மதுவம் என்றேன்.
"கள்ளில இருக்கிறதோ?"
"ஓம், கள்ளில, அப்பமாவில, பாணில."
கூடம் சாய்ந்து உட்கார்ந்தது.
(அப்பமா நான் கூட்டியது. ஒப்புக்கொள்கிறேன்.)

பிறகு ரெகுலா சொன்னார்:
நாங்கள் மரபணுவை வாசிப்பதோடு நிற்பதில்லை,
எழுதுகிறோம்.
பரராஜசேகரம் எழும்பினார்:
"அப்ப தலையெழுத்தை மாத்துறியளோ?"
நாற்பது பேர் சிரித்தார்கள்.
ரெகுலா என்னைப் பார்க்கிறார், தானும் சிரிக்க ஆயத்தமாக.
ஜெர்மனில் எவர் தலையிலும் எவரும் எழுதுவதில்லை.
விதிக்கு அவர்களிடம் உள்ள சொல்லைக் கொடுத்தேன்,
கல்லறையில் பொறிக்கிற மாதிரிச் சொல்.
அவர் முகம் சுருங்கியது.
ஒரு பகிடி வழியில் செத்துப்போனதை
எந்த மொழியில் அறிவிப்பது?

படங்கள் ஓடின.
வனிலாக் கொடியிடம் கடன்வாங்கிய கட்டளைகள்,
அவற்றை விழுங்கி மணக்கிற மதுவம்,
கடைசியில் ஒரு பச்சைப் பூட்டு:
எதுவும் வெளியே போகாது.

பின்வரிசையில் சறோஜினிதேவி
குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. எட்டு மணிக்கு வேலை.
அதே கட்டடம், நாலாம் மாடி, வாளியும் துடைப்பமும்.
அவர் கேள்வி கேட்கவில்லை. சொன்னார்:

"மாசி பன்னிரண்டு. மஞ்சள் பை கிழிஞ்சு கிடந்தது.
நிலத்தில வெளிறின தண்ணி. வனிலா மணம்.
புளீச் ஊத்தித் துடைச்சன்.
ஒரு துண்டில எழுதிக் கதவில ஒட்டினனான்.
அடுத்த நாள் அந்தத் துண்டு குப்பைக்க கிடந்தது.
அதையும் நான்தான் எடுத்தன்."

கூட்டவில்லை. குறைக்கவில்லை.
புளீச் என்பதைக்கூட அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேட்டார் ரெகுலா.
"தமிழிலதான். எனக்கு வேற எது வரும்?"

படக்கருவியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ரெகுலாவின் கைத்தாளில்
'வருந்தத்தக்கது' என்றொரு சொல் தயாராக இருந்தது.
தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.
மேடையின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்:
துண்டில் என்ன எழுதியிருந்தது?

"இஞ்ச ஏதோ ஊத்துண்டிருக்கு. பாருங்கோ."

கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.
அவரிடமல்ல, என்னிடம்.
ஜெர்மன் எழுத்தில், பிழையாக,
பூட்டுப் படம் போட்ட தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

என் படிவத்தில் நாலு கட்டங்கள்:
அகதி, மருத்துவம், பாடசாலை, பிற.
பிறவில் புள்ளடி போட்டேன். ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

வெளியே மழை.
இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள், ஒரே கட்டடத்துக்கு.
என் ரயில் எதிர்ப்பக்கம்.
ஈரக் கண்ணாடிக்கு அப்பால் ரெகுலா
இரண்டு கைகளால் ஒரு பையின் கிழிசலை அளந்து காட்டினார்.
சறோஜினிதேவி இல்லை என்று தலையசைத்து,
அந்தக் கைகளைப் பிடித்து
இன்னும் கொஞ்சம் அகட்டிவிட்டார்.